தண்டபாணியின் நல்ல பழக்கங்கள்

தண்டபாணியின் இதயத்தை முதன்முதலில் திரையில் பார்த்தபோது டாக்டர் தமயந்திக்குச் சந்நிதியில் நிற்பதுபோல் கை தானாகக் குவிந்துவிட்டது. மனிதருக்கு வயது அறுபத்தெட்டு. திரையில் துடித்துக்கொண்டிருந்ததோ ஒரு வாலிபனின் இதயம். ரத்தக் குழாய்கள் துடைத்துவைத்தாற்போல் இருந்தன. சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை, கல்லீரலில் கொழுப்பு மருந்துக்குக்கூட இல்லை. ஆயிரக்கணக்கானவர்களைச் சோதித்துச் சலித்துப்போன கண்களுக்கு அது ஒரு தரிசனம்.

"இதுக்கு என்னதான் ரகசியமுங்க?" என்று கேட்டாள்.

"ரகசியம் என்னங்க அம்மணி, பெரிய ரகசியம்? நேரத்துக்கு எந்திரிக்கறது, நேரத்துக்கு நடக்கறது, அளவாத் திங்கறது, நேரத்துக்குப் படுக்கறது. அவ்வளவுதானுங்க. கல்யாணமான நாள்ல இருந்து ஒருநாள் தவறுனதில்ல. எல்லாம் மனக்கட்டுப்பாடு." தண்டபாணி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வுபெற்ற உடம்பு அது. நிமிர்த்தினால் நிமிரத்தான் செய்தது.

அவர் சொன்னதில் ஒரு சொட்டுப் பொய் இல்லை. சங்கடமே அதுதான்.

ஆனைமலை அடிவாரத்தில், தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருந்த அந்த ஆராய்ச்சி நிலையத்தில் பல வருடங்களாக ஒரே வேலைதான் நடந்துகொண்டிருந்தது: பழக்கத்தைப் பிடிப்பது. சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் மருந்து கண்டுபிடித்துக் கண்டுபிடித்து உலகம் அலுத்துப்போயிருந்தது. ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் பஜ்ஜியுமாக உட்கார்ந்திருப்பவனை எந்த மாத்திரை காப்பாற்றும்? நேரம் கழித்துப் படுப்பது, நாலு படி ஏற லிஃப்ட் தேடுவது, தட்டில் இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வது என்று ஒவ்வொன்றும் அற்பமான விஷயம். இருபது வருடம் சேர்ந்தால் ஆளையே சாய்த்துவிடும். இது எல்லாருக்கும் தெரியும், எவனும் மாறமாட்டான். நம் ஆட்களைத்தான் தெரியுமே, புத்தாண்டுக்கு வாங்கிய நடைச் செருப்பு பொங்கலுக்கு முன்பே கட்டிலடிக்குப் போய்விடும்.

அதனால் தமயந்தியின் குழு வேறு வழியில் யோசித்தது. மனிதனை மாறச் சொல்ல வேண்டாம். நல்ல பழக்கம் உள்ள ஒருவரிடமிருந்து அதை எடுத்து மற்றவர்களுக்குப் பதித்துவிடலாம். அந்த முறைக்கு அவர்கள் வைத்த பெயர் பதியன்.

அவளுடைய தம்பி யுவராஜுக்கும் பதியன் போடுவதாக இருந்தது. பொள்ளாச்சியில் பேக்கரி வைத்திருந்தான். வாய்க்கும் கைக்கும் எட்டும் தூரத்தில் தேங்காய் பன், கடை சாத்திவிட்டு நள்ளிரவில் பிரியாணி, விடிந்து வெகுநேரம் கழித்து எழுவது என்று பதினைந்து வருடம் ஓட்டிவிட்டான். நாற்பது வயது ஆவதற்குள் சர்க்கரை சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் டயாலிசிஸ்தான் என்று டாக்டர்கள் சொல்லியாயிற்று.

"அதெப்படிக்கா ஒருத்தர் பழக்கம் இன்னொருத்தருக்கு வரும்?" என்று கேட்டான். வீங்கிய கால்களை ஸ்டூல்மேல் தூக்கி வைத்திருந்தான்.

"மல்லிக் கொடிய வளைச்சு மண்ணுல பதிச்சு வெச்சா அங்கயே வேர்விட்டுத் தனிச் செடி ஆயிருதல்ல? அதேதான். பழக்கமெல்லாம் மூளைக்கு அடியில முடிச்சு முடிச்சா இருக்குது. அந்த முடிச்சப் படம் புடிச்சு, நீ தூங்கறப்ப தலையில ஒரு குல்லாய மாட்டிக் கொஞ்சங்கொஞ்சமாப் பதிப்போம். வேர் புடிச்சிருச்சுன்னா நீ யோசிக்கவே வேண்டாம். உடம்பு தானா எந்திரிக்கும், தானா நடக்கும்."

"அந்தாளோட யோசனையெல்லாம் எனக்கு வந்துருமா?"

"பழக்கம் மட்டுந்தான்டா. பல்லு வெளக்கறதுக்கு நீ யோசிக்கிறயா?"

"தேங்கா பன்னு?"

"கையே போகாது."

"அதக் கேட்டாத்தான்க்கா பயமா இருக்குது," என்று சிரித்தான். தமயந்தியும் சிரித்தாள். ஆனால் இது பலிக்காவிட்டால் தம்பிக்கு வேறு வழியில்லை என்பது அவனைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

நாற்பது பேரைச் சேர்த்தார்கள். எல்லாரும் சர்க்கரையிலும் கொதிப்பிலும் பாதி ஆளாகிப் போனவர்கள். நிலையத்தின் பெரிய ஹாலில் நடுவில் திரை கட்டி, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் கட்டில் போட்டார்கள். தண்டபாணியின் பழக்கம் நாற்பது தலைகளுக்குள் இரவிரவாக இறங்கியது.

வேர் பிடித்திருக்கும் என்று கணித்த விடியலில் தமயந்தியும் நிலையத்தின் இயக்குநர் அருளானந்தமும் ஹாலின் வாசலில் வந்து நின்றார்கள். கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. முதலில் குறட்டைகள் ஒவ்வொன்றாக அடங்கின. பிறகு, யாரோ ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்தாற்போல், நாற்பது பேரும் வலப்பக்கம் புரண்டு, கையை ஊன்றி, எழுந்து உட்கார்ந்தார்கள். நாற்பது கழுத்துகள் இடமும் வலமும் சொடுக்கு எடுத்தன. "முருகா" என்று நாற்பது வாய்கள் ஒரே குரலில் முனகின. பஸ் டிரைவர் அந்தோணிசாமி ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். அவரும் முருகா என்றார்.

தமயந்திக்கு மயிர்க்கூச்செறிந்தது. தண்டபாணி என்ற ஒரு மனிதர் கணியூரில் தன் வீட்டில் நாற்பது வருடம் எழுந்த எழுச்சி, முன்பின் தெரியாத நாற்பது உடம்புகளில் எழுந்து உட்கார்ந்திருந்தது.

அடுத்து நாற்பது பேரும் வலது கையை முன்னால் நீட்டினார்கள். நீட்டியது நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார்கள்.

"இது என்னம்மா?" என்றார் அருளானந்தம்.

"தெரியலீங்களே சார்."

அவள் தம்பியின் கட்டிலுக்குப் போனாள். "யுவா, என்ன வேணும்?"

"தெரியலக்கா. கை தானா நீளுது. ஏதோ வரும்னு இருக்குது. அது வந்தாத்தான் எந்திரிக்க முடியுமாட்ட இருக்குது."

ஏதோ தோன்றி, தன் ஃபிளாஸ்க்கிலிருந்து ஒரு டம்ளர் வெந்நீரை ஊற்றி அவன் கையில் வைத்தாள். மடமடவென்று குடித்தான், எழுந்தான், நாலு எட்டு நடந்தான், நின்றான். மறுபடியும் கையை நீட்டினான். இந்தமுறை துண்டுக்கு.

ஆள் போட்டுச் சமாளித்தார்கள். டம்ளர், துண்டு, வாசலைப் பார்த்துத் திருப்பிவைத்த செருப்பு என்று ஒவ்வொன்றாகக் கொடுத்ததும் நாற்பது பேரும் தோப்புக்குள் காற்றாக நடந்தார்கள். ஆனால் சாப்பாட்டு வேளையில் வேறு கூத்து நடந்தது. நிலையத்துச் சமையல்காரருக்கு மனசு பெரிசு, கரண்டியும் பெரிசு. அள்ளி அள்ளி வைத்தார். தட்டில் விழுந்ததைப் பருக்கை மிச்சமில்லாமல் நாற்பது பேரும் சாப்பிட்டு எழுந்தார்கள். முன்பெல்லாம் பன்னிலேயே வயிறு நிறைந்து பாதிச் சோற்றை ஒதுக்கிவைக்கிற யுவராஜ்கூட வழித்துத் தின்றான். தண்டபாணியின் பழக்கம் தட்டைக் காலி செய்வது. தட்டில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது அந்தப் பழக்கத்தில் எங்கேயும் இல்லை.

ராத்திரி இன்னும் மோசம். டிவி முன்னால் உட்கார்ந்தவர்கள் எழவேயில்லை. யாராவது வந்து அணைத்து, படுக்கச் சொல்லுகிறவரைக்கும் கண் கொட்டாமல் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில வாரங்களில் எல்லாருக்கும் சர்க்கரை ஏறியது. யுவராஜின் சிறுநீரக அளவுகளைப் பார்த்துவிட்டு தமயந்தி கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். காப்பாற்றுகிறேன் என்று கூட்டி வந்து, தானே குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டோமே என்றிருந்தது.

மறுநாளே கணியூருக்குப் போனாள். ஒருநாள் கூடவே இருந்து பார்க்க வேண்டும் என்று சொன்னதும் தண்டபாணிக்குப் பெருமை பிடிபடவில்லை. "தாராளமாத் தங்குங்க அம்மணி. என்ற பழக்கத்துல ஒளிவுமறைவே கெடையாது," என்றார்.

விடியலுக்கு வெகுமுன்பே அவள் விழித்துக்கொண்டாள். சமையலறையில் விளக்கு எரிந்தது. தண்டபாணியின் மனைவி கலாமணி அடுப்பருகில் நின்றிருந்தாள். ஒல்லியான பெண்மணி. ஒரு கையால் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, கொதிக்கிற தண்ணீரை இறக்கி, ஆற்றி, இரண்டு சொட்டைப் புறங்கையில் விட்டுச் சூடு பார்த்தாள். டம்ளரோடு போய்க் கணவரின் கட்டிலருகே நின்றாள். அவர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் நின்றாள். அவர் வலப்பக்கம் புரண்டார், எழுந்தார், கழுத்தைச் சொடுக்கினார், "முருகா" என்றார், கையை நீட்டினார். நீட்டிய கணத்தில் டம்ளர் கையில் இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவேயில்லை. ஒரே உடம்பின் இரண்டு கைகள்கூட அவ்வளவு பிசகில்லாமல் சேர்ந்து வேலை செய்யாது. தமயந்தி மூச்சுவிட மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

துண்டு வந்தது. செருப்பு திரும்பியது. காலைக்கு மூன்று இட்லி வைத்துவிட்டுக் கலாமணி சட்டியை மூடினாள். தண்டபாணி மூன்றையும் தின்றுவிட்டு எழுந்தார். "பாத்தீங்களா, அளவாத்தான் திம்பேன்," என்றார்.

"நீங்க எப்பங்கம்மா சாப்பிடுவீங்க?" என்று தமயந்தி கேட்டாள்.

"நானுங்களா? ஆகறப்ப சாப்பிட்டுக்குவனுங்க."

"இத்தனையும் நீங்கதான் பண்றீங்க."

கலாமணி திகைத்துப்போய்ப் பார்த்தாள். "நான் என்னங்க பண்றேன்? அவருதான் ரொம்பக் கட்டுப்பாடு. எல்லாம் அவரே பாத்துக்குவாருங்க." ஒப்புக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

இருவரையும் நிலையத்துக்கு அழைத்து வந்து, கலாமணியைக் கருவியில் படுக்கவைத்தாள் தமயந்தி. படம் எழும்ப எழும்ப அவள் நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துக்கொண்டாள். தண்டபாணியின் பழக்கங்கள் ஒரு தென்னந்தோப்பு என்றால், இந்தத் தலைக்குள் இருந்தது ஆனைமலைக் காடு. முடிச்சுக்குள் முடிச்சாக, கிளைமேல் கிளையாக ஒளிர்ந்துகொண்டே போனது. அவருடைய பசிக்கு ஒரு கிளை, தாகத்துக்கு ஒன்று, அவர் கட்டில் கிரீச்சிடும் ஓசைக்கு ஒன்று. தூக்கத்திலும் அணையாமல் அவர் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தது இன்னொன்று. மனித மூளைக்குள் இப்படியொரு கட்டுமானம் இருக்கமுடியும் என்று அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. கலாமணிக்கென்று ஏதாவது ஒன்று இருக்குமா என்று வெகுநேரம் தேடினாள். பல் விளக்குவதற்கு மேல் ஒன்றும் அகப்படவில்லை.

உடம்பின் படம் அடுத்து வந்தது. கலாமணி கணவரைவிட ஆறு வயது இளையவள். இதயமோ அவரைவிடப் பல வருடம் மூத்தது. வீங்கித் தளர்ந்திருந்தது. யாரும் பார்க்காத சர்க்கரை, யாரும் பார்க்காத கொதிப்பு, வருடக்கணக்காகப் பாதியில் முறிந்த தூக்கம். நின்றுகொண்டே தின்ற மிச்சச் சோறு. இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டு பேருடைய நாட்களும் ஒரே உடம்பில் தேய்ந்திருந்தன.

அருளானந்தம் குதிக்காத குறைதான். "அற்புதம்மா! பாதியத்தான் எடுத்திருக்கோம், அதான் கோளாறு. இனி ஜோடியாக் குடுத்தரலாம். நோயாளிக்கு அவரோடது. வீட்டுல இன்னொருத்தருக்கு இந்தம்மாவோடது."

"இன்னொருத்தர்னா யாருங்க சார்?"

"யாராச்சும் இருப்பாங்கல்ல," என்றார். கெட்ட மனிதர் அல்ல. மழைக்குக் குடை பிடிப்பதைப்போல அவ்வளவு இயல்பாகச் சொன்னார்.

அந்த யாராச்சும் அன்று சாயங்காலமே வந்து நின்றாள். யுவராஜின் மனைவி பவித்ரா, பள்ளிக்கூட டீச்சர். வகுப்பு முடித்து, பேக்கரிக் கல்லாவில் உட்கார்ந்து, ஜோடியாகப் பதிக்கும் பேச்சு காதில் விழுந்ததும் நேராக பஸ் ஏறி வந்திருந்தாள். "எனக்குப் போட்டுவிடுங்க அண்ணி. அவரு பொழைச்சாப் போதும்," என்றாள்.

தமயந்தியின் நாக்கு நுனிவரை சரி என்ற சொல் வந்துவிட்டது. கூடப்பிறந்தவன் உயிர். அவனுக்காக எதையும் செய்வாள். ஆனால் கலாமணியின் இதயம் இன்னும் அந்தத் திரையில் துடித்துக்கொண்டிருந்தது. தம்பியின் சிறுநீரகத்துக்குத் தம்பி மனைவியின் இதயமா? தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

"நீ வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்கு பவி," என்று அனுப்பிவைத்தாள்.

கலாமணியின் படத்தை மறுபடியும் கிளை கிளையாகப் பார்த்தாள். பிறகு அருளானந்தத்தின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தாள்.

"சார், இந்தம்மா பழக்கம் புருஷன்னு பாக்கறதில்ல. பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கற உடம்பத்தான் பாக்குது. வாங்கிக்கற பழக்கத்த நாற்பது பேருக்கும் குடுத்துட்டோம். குடுக்கற பழக்கத்தயும் அவங்களுக்கே போடுவோம். வீட்டுல இருந்து யாரும் வர வேண்டாம். ஒவ்வொருத்தரும் பக்கத்துக் கட்டிலப் பாத்துக்கட்டும்."

"ஒரே தலையில ரெண்டுமா?"

"ஏன், தாங்காதா? இந்தம்மாவுக்கு வாங்கிக்கற பழக்கமே இல்ல, அதான் தேய்ஞ்சு போனாங்க. இவங்களுக்கு ரெண்டும் இருக்கும்."

ஹாலில் இதைச் சொன்னதும் ரகளையாகிவிட்டது. ரைஸ்மில் முதலாளி ஆறுமுகச்சாமி எழுந்தார். "எங்கூட்டுலயே நான் அடுப்படி வாசப்படிய மிதிச்சதில்லீங்க. இந்த டிரைவருக்கு நான் தண்ணி காச்சிக் குடுக்கறதா?"

"நீங்க காச்சுனா குடிக்கறதுக்கு எனக்குத் தைரியம் வேணுமல்லங்க," என்றார் அந்தோணிசாமி.

உயிர்மேல் ஆசை யாரை விட்டது? இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்துவிட்டு எல்லாரும் சம்மதித்தார்கள்.

கலாமணியின் சம்மதம் மட்டும் பாக்கி. "உங்க பழக்கத்த எடுத்து இவங்களுக்குக் குடுக்கலாம்னு இருக்கோமுங்கம்மா," என்றாள் தமயந்தி. எதற்கும் கணவர் முகத்தைப் பார்த்துவிட்டே பதில் சொல்லுகிறவள், அன்று பார்க்கவில்லை.

"எடுத்துக்குங்க," என்றாள் உடனே. "எல்லாத்தயும் எடுத்துக்குங்க. ஒண்ணும் விட்டுறாதீங்க."

தமயந்திக்குக் கண் நிறைந்துவிட்டது. "அவ கொணமே அப்படித்தானுங்க அம்மணி," என்றார் தண்டபாணி.

சில மாதங்கள் கழித்து அவர்கள் இருவரையும் நிலையத்துக்கு வரச்சொல்லி, ஒரு விடியலில் ஹாலின் வாசலில் நிற்கவைத்தாள் தமயந்தி. இருட்டிலேயே ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக இருபது பேர் எழுந்து அடுப்பருகே போனார்கள். சத்தமில்லை, இடிபடவில்லை. ஆறுமுகச்சாமி புறங்கையில் இரண்டு சொட்டு விட்டுச் சூடு பார்த்துவிட்டு, அந்தோணிசாமியின் கட்டிலருகே வந்து காத்து நின்றார். இருபது கைகள் நீண்டன, இருபது டம்ளர்கள் சேர்ந்தன. மறுநாள் அந்த இருபது பேர் இவர்களுக்குக் கொடுப்பார்கள். யாரும் ஏற்பாடு செய்யாமல் அவர்களாகவே அப்படி முறை பிரித்துக்கொண்டிருந்தார்கள். காலைச் சாப்பாட்டில் யுவராஜ் பக்கத்து இலைக்கு மூன்று இட்லி வைத்துச் சட்டியை மூடினான். அவன் கால் வீக்கம் வடிந்திருந்தது. டயாலிசிஸ் பற்றி இப்போது பேச வேண்டியதில்லை என்று முந்தின நாள்தான் டாக்டர் சொல்லியிருந்தார்.

எத்தனைமுறை பார்த்தும் தமயந்திக்குப் பிரமிப்பு அடங்கவில்லை. ஒரு பெண் யாருக்கும் தெரியாமல், தனக்கே தெரியாமல், ஒரு சமையலறையில் கட்டி எழுப்பிய காடு, நாற்பது பேரை உயிரோடு நிற்கவைத்துக்கொண்டிருந்தது.

தண்டபாணி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். "இதெல்லாம் என்னங்க அம்மணி?" என்றார் கடைசியில்.

"உங்க வீட்டுல தெனமும் நடக்கறதுதானுங்க."

"நான் கண்டதில்லீங்களே," என்றார். குரல் உள்ளே போயிருந்தது. சுவரோரம் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கலாமணி தமயந்தியின் கையைப் பிடித்துத் தூணுக்கு அந்தப்பக்கம் கூட்டிப்போனாள்.

"ஏனுங்க, எனக்கு எப்பங்க எடுப்பீங்க?"

"என்னதுங்கம்மா?"

"அன்னிக்கு எடுத்துக்கறதாச் சொன்னீங்கல்ல? எடுத்த மறுநாளும் விடியறதுக்கு முன்னால முழிப்பு வந்துருச்சுங்க. சரி, கொஞ்சங்கொஞ்சமாத்தான் போகுமாட்டம் இருக்குதுன்னு இருந்தேன். இத்தன பேருக்குப் பிரிச்சுக் குடுத்திருக்கீங்க. எனக்கு மட்டும் கொறையவே இல்லீங்களே."

அவள் கேட்பது என்னவென்று தமயந்திக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

"அது நகலுங்கம்மா. போட்டோ எடுக்கற மாதிரி. உங்களோடது உங்ககிட்டயேதான் இருக்கும்."

"அப்பப் போகாதுங்களா?"

"பதிக்கத்தானுங்க தெரியும். எடுக்கறதுக்கு இன்னும் யாருக்கும் தெரியாது."

கலாமணி தலையை ஆட்டிக்கொண்டாள். "அப்படீங்களா," என்றாள். வருத்தப்பட்டதாகக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. "போயிரும்னு நெனச்சுத்தான் சரின்னேனுங்க."

தமயந்தி ஏதாவது சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நாற்காலியில் இருந்த தண்டபாணி லேசாக இருமினார். கலாமணி அந்தப் பக்கம் ஏற்கெனவே நடக்க ஆரம்பித்திருந்தாள்.